மடல் வரவறிவிக்கும் கருவி

மடல் எழுதுவோன் ஒருவன், அதனைச் சுமந்து செல்வோன் ஒருவன், பெறுவோன் ஒருவன். இம்மூவரையும் யாவரும் அறிவர். 'உமக்கு மடல் வந்துளது' என்று பெறுவோனிடம் சென்று உரைக்கும் நான்காமவனை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. புகைவண்டி பரவாத நாளில் தபால் ஓட்டக்காரன் ஈட்டியிற் சதங்கை கட்டிக்கொண்டு ஓடினான். அவ்வொலி காட்டு விலங்கை வெருட்டியதோடு, தபால் வருகின்றது என்னும் செய்தியையும் ஊராருக்கு முன்னரே சொல்லிற்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரின் செட்டிநாட்டு இல்லங்களில் கடல் கடந்து வந்த கடிதம் நலம் உசாவுவதோடு நில்லாது, கணக்கும் உண்டியலும் பற்றிய செய்தியையும் சுமந்து வந்தது. அத்தகைய கடிதம் வந்தும் வந்தமை தெரியாது கிடப்பின், அது வாராத கடிதத்தோடு ஒக்கும்.

கணிப்பொறிகளுக்கிடையே மடல் செல்லத் தொடங்கிய காலத்தும் இந்நான்காமவனின் தேவை தோன்றிற்று. அவன் பணியைச் செய்ய அமைக்கப்பெற்ற சிறு கருவி யாது, அதனை நிறுவுங்கால் எண்ண வேண்டுவன யாவை, தமிழுக்கு அதனால் வரும் இடர் யாது என்பவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பலகையும் வலையும்

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர், 1978-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் பெரும்பனிப் பொழிவின்போது ஒரு பொறியமைப்பைத் தொடங்கி, பிப்ரவரி 16-ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். கடைத்தெருவிலோ கல்லூரி வாயிலிலோ தொங்கும் அறிவிப்புப் பலகையையே அவர் மாதிரியாகக் கொண்டனர். தம் இல்லத்துக் கணிப்பொறியினின்று மோடம் என்னும் கருவியின் துணையால் தொலைபேசி வழியே அப்பலகையை அழைத்துப் பிறர் எழுதியவற்றைப் படிக்கலாம்; தாமும் எழுதலாம். 'புல்லட்டின் போர்டு' எனப்பட்ட இந்நிலையங்கள் பின்னர் உலகெங்கும் பல்கின.

அவற்றுள் மிகப் பல ஒரே ஒரு தொலைபேசிக் கம்பியை உடையன. ஆதலின், ஒருவர் பேசிக்கொண்டிருக்குங்கால் மற்றவர்க்கு வழியில்லை. தமக்கு மடல் வந்துளதா என்று பார்ப்பதற்காக மட்டும் நாடோறும் பலர் அழைப்பின், கம்பி அடைபடும், பொருளும் வீணாகும். வரவறிவிப்பின் தேவை இங்ஙனம் பிறந்தது.

1984-ஆம் ஆண்டில் டாம் ஜென்னிங்ஸ் என்பார், சான் பிரான்சிஸ்கோவிலிருந்த தம் நிலையத்தைப் பால்டிமோரிலிருந்த ஜான் மாடில் என்பாரின் நிலையத்தோடு பிணைத்தார். 'ஃபைடோநெட்' என்னும் வலை அதனின்று வளர்ந்தது. ஃபைடோ என்பது நாய்க்கு அந்நாட்டார் இடும் பெயர். இவ்வலையில் நிலையங்கள் எந்நேரமும் இணைந்திருப்பதில்லை. பகலில் வந்த மடல்களைக் கட்டாகக் கட்டி வைத்து, தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு வேளையில் ஒன்றையொன்று அழைத்து மாற்றிக்கொள்ளும். இதற்கென நாடோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது; அவ்வேளையில் மனிதர் அழைப்புக்கு இடமில்லை. நம் நாட்டிலும் இரவுக் கட்டணத்துக்காக எஸ்.டி.டி. பூத்துகளின் முன் மக்கள் வரிசையில் நின்ற காலத்தைப் பெரியோர் அறிவர். அச்சிக்கனத்தையே இப்பொறிகளும் கைக்கொண்டன.

ஃபைடோநெட்டின் மடல் இருவகைத்து. ஒருவர் ஒருவர்க்கே எழுதுவது நெட்மெயில். பலரும் படிக்குமாறு ஒரு பொருட்பிரிவில் எழுதப்பெற்று எல்லா நிலையங்களிலும் எதிரொலிப்பது எக்கோமெயில். முகவரி மண்டலம், வலை, கணு, முனை என நான்கு எண்களால் ஆயது. வட அமெரிக்கா 1, ஐரோப்பா 2, ஆசியா 6 என மண்டலங்கள் வகுக்கப்பட்டிருந்தன. 1990-களின் நடுவில் முப்பதினாயிரத்திற்கு மேற்பட்ட நிலையங்கள் இவ்வலையில் இருந்தன. இன்று மிகச் சில எஞ்சி, தொலைபேசிக்கு மாறாக இணையத்தின் வழியே மடல் மாற்றிக்கொள்கின்றன.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலை, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை இணைக்க முற்பட்டது. அதன் தொடக்க மடல்களும் தொலைபேசி வழியே தேக்கி அனுப்பும் முறையிலேயே சென்றன. பொதுமக்களுக்கு இணையம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளே வி.எஸ்.என்.எல். நிறுவனத்தால் திறக்கப்பட்டது.

பிள்ளையார்பட்டியைக் கொண்டு ஓர் உதாரணம்

இதனை நம்மவர் எளிதில் உணருமாறு ஒரு கற்பனை செய்துகொள்வாம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் குன்றக்குடியை அடுத்துள்ளது பிள்ளையார்பட்டி. குடைவரைக்கோயிலாற் புகழ்பெற்ற அவ்வூர், நகரத்தாரின் ஒன்பது கோயிலூர்களுள் ஒன்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்பன ஏனைய எட்டு. இவ்வொன்பது ஊர்களிலும் ஒவ்வொரு கணிப்பொறி இருப்பதாகக் கொள்வாம். ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் நேரே பேச வேண்டுமாயின் முப்பத்தாறு இணைப்புகள் வேண்டும். காரைக்குடியில் ஒரு நடுநிலையத்தை வைத்துவிடின் ஒன்பது இணைப்புகளே போதும். வேலங்குடியில் எழுதிய மடல் இரவில் காரைக்குடி சென்று, அங்கிருந்து பிள்ளையார்பட்டிக்கு வரும்.

வந்தபின் யாது நிகழும்? மடல் பிள்ளையார்பட்டிப் பொறியின் வட்டில் உறங்கும். உரியவர் பொறியின்முன் அமர்ந்து பார்க்குமளவும் உறங்கும். அவரோ வயலிலோ கடையிலோ வெளியூரிலோ இருக்கலாம். இனி அவரை எழுப்புவது எங்ஙனம்?

கூறலும் நோக்கலும்

இதற்கு இருவழி உள. மடலைக் கொணர்ந்த பொறியே 'வந்தது' என்று கூறுதல் ஒன்று. வேறொரு பொறி காலந்தோறும் சென்று பெட்டியை நோக்குதல் மற்றொன்று. இரண்டுக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் உள.

1980-ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜான் ஃபோடராரோ என்பார் 'பிஃப்' என்னும் கருவியை எழுதினார். அதுவும் ஒரு நாயின் பெயரே; அங்குப் பயின்ற ஹைடி ஸ்டெட்னர் என்பாரின் வளர்ப்பு நாய் அது. தபால்காரரைக் கண்டால் அந்நாய் குரைக்கும், அதனாற் பெயர் வந்தது என்று ஒரு கதை வழங்குகின்றது; உரியவரே அதனை மறுத்துள்ளனர். மடல் சேர்ந்தவுடன், சேர்ப்பிக்கும் நிரல் 'காம்சாட்' என்னும் காவலனுக்கு ஒரு சிறு குறிப்பு விடுக்கும். உரியவர் அப்போது பொறியில் இருந்து, அறிவிப்பை வேண்டும் என்றும் சொல்லியிருப்பின், காம்சாட் மடலின் முதற் சில வரிகளை அவர் திரையிற் காட்டும். வேண்டா என்று சொல்லியிருப்பின் வாளா இருக்கும். இது கூறல்.

பின்வந்த 'எக்ஸ்பிஃப்' என்னும் கருவி திரையின் ஓரத்தில் ஒரு தபாற்பெட்டியின் படத்தை வைத்தது. முப்பது நொடிக்கு ஒருமுறை அது மடற்கோப்பை நோக்கும். புதியது இருப்பின் பெட்டியின் கொடியை உயர்த்தும். இது நோக்கல்.

கூறல் விரைவுடையது, ஆனால் கூறுவோனும் கேட்போனும் ஒரே வேளையில் விழித்திருத்தல் வேண்டும். நோக்கல் சிறிது காலம் தாழ்க்கும். ஆயினும் ஒருமுறை தவறினும் மறுமுறை கண்டுகொள்ளும். பலகை நிலையங்களுக்கு இவ்விரண்டும் கலந்த முறையே ஏற்றது என்பது நம் துணிபு.

நிறுவும் முறை

முதலாவது, கருவி எப்பொழுது விழிக்க வேண்டும் என்பது. கட்டு வந்து இறங்கிய அக்கணமே விழிப்பின் பயனில்லை. கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. மடல்கள் அவ்வவற்றின் பிரிவுகளிற் சேரவில்லை. கருவி காலியான பெட்டியைக் கண்டு மீளும். ஆதலின், கட்டவிழ்க்கும் நிரல் தன் பணியை முடித்தபின் ஒரு வெறுங்கோப்பை அடையாளமாக வைத்துச் செல்ல, அவ்வடையாளத்தைக் கண்டே அறிவிப்புக் கருவி விழிக்குமாறு அமைத்தல் வேண்டும். அடையாளம் ஒருகால் வைக்கப்படாது போயினும் குறை நேராவண்ணம், மணிக்கு ஒருமுறை தானே சென்று நோக்குமாறும் செய்தல் நன்று.

இரண்டாவது, எவற்றை அறிவிப்பது என்பது. நெட்மெயில் ஒருவர்க்கே உரியதாகலின் யாவும் அறிவிக்கத் தக்கன. எக்கோமெயிலிற் பெறுவோர் பெயராக அவர் பெயரே எழுதப்பட்டிருப்பின் மட்டும் அறிவித்தல் வேண்டும். 'அனைவர்க்கும்' என்று எழுதியவற்றையெல்லாம் அறிவிக்கத் தொடங்கின், ஒரே நாளில் நூறு அறிவிப்புகள் குவியும். மறுநாள் முதல் அவர் எதனையும் பாரார்.

மூன்றாவது, முன்னர் அறிவித்ததை மீண்டும் அறிவியாமை. கடைசியாக அறிவித்த மடலின் வரிசை எண்ணைக் குறித்துவைத்தல் எளிய வழி. ஆனால் பழைய மடல்களை நீக்கி இடம் சுருக்குங்கால் சில அமைப்புகளில் வரிசை எண்கள் மாறிவிடும். குறித்துவைத்த எண் வேறொரு மடலைச் சுட்டும். ஆகவே ஒவ்வொரு மடலும் தன்னுள் தாங்கிவரும் தனி அடையாளக் கோவையைக் குறித்துவைத்தலே உறுதியானது.

நான்காவது, குறித்துவைத்தலும் அறிவித்தலும் எது முந்தியது என்பது. இது சிறிதாகத் தோன்றினும் இக்கருவியின் உயிர்நிலை இதுவே. முதலிற் குறித்துவிட்டுப் பின் அறிவிப்பதாகக் கொள்வாம். இடையில் மின்சாரம் நின்றுவிடின், ஏட்டில் 'அறிவித்தாயிற்று' என்று இருக்கும். உரியவரோ ஒன்றும் அறியார். மடல் என்றென்றும் மறைந்துபோம். மாறாக, முதலில் அறிவித்துப் பின் குறிப்பின், இடையில் மின்சாரம் நின்றால் அதே அறிவிப்பு இருமுறை வரும். ஒன்றை இருமுறை கேட்பது சிறு தொல்லை. ஒருமுறையும் கேளாமை பெருங்கேடு. ஆதலின் அறிவித்தல் முன், குறித்தல் பின் என்பதே விதியாதல் வேண்டும்.

ஐந்தாவது, அறிவிப்பில் எவ்வளவு சொல்வது என்பது. அனுப்பியவர், பொருள், பிரிவு, வந்த வேளை என்னும் நான்கும் போதும். பலர் கூடியிருக்கும் இல்லத்திலும் விடுதியிலும் திரை எல்லார் கண்ணிலும் படுவது. மடலின் உட்பொருளைத் திரையில் விரிப்பது, தபால்காரர் அஞ்சலட்டையைத் தெருவில் நின்று உரக்கப் படிப்பது போலாம்.

ஆறாவது, தன் குரலைத் தானே கேட்டு மயங்காமை. அறிவிப்பும் ஒரு மடலாகவே எழுதப்படின், அதனையும் புதுமடல் எனக் கருதிக் கருவி மற்றோர் அறிவிப்பு எழுதும். அதற்கும் ஒன்று எழுதும். வட்டு நிரம்புமளவும் இது நில்லாது. இருபொறிகள் ஒன்றற்கொன்று தாமே மறுமொழி எழுதத் தொடங்கினும் இதே விளைவுதான். இணைய மடலில் இதனைத் தடுக்க 2004-ஆம் ஆண்டில் ஒரு நெறி வகுக்கப்பட்டது: பொறி தானே எழுதிய மடல் தன் தலைப்பில் அதனைத் தெரிவித்தல் வேண்டும்; அத்தகைய மடலுக்குப் பிறிதொரு பொறி மறுமொழி விடுத்தல் கூடாது. பலகைக் கருவியும் தன் பெயரால் எழுதப்பட்டவற்றை விலக்கிவிட வேண்டும்.

இவற்றை அமைத்தபின் ஆய்ந்து பார்த்தல் இன்றியமையாதது. வேறோர் ஊரிலிருந்து உரிய பெயருக்கு ஒன்று, 'அனைவர்க்கும்' ஒன்று, பெயரைச் சிறிது மாற்றி ஒன்று என மூன்று மடல்கள் விடுத்துப் பார்க்க. முதலது அறிவிக்கப்பட வேண்டும்; இரண்டாவது கூடாது; மூன்றாவது எங்ஙனம் ஆதல் வேண்டும் என்பது நிறுவுவோர் முடிவு. பின்னர் அறிவிக்கும் வேளையிற் பொறியை வேண்டுமென்றே நிறுத்தி, மீண்டும் இயக்கி, ஒன்றும் விடுபடவில்லை என்பதைக் காண்க.

தமிழ்ப் பெயரின் இடர்

தமிழ் பயில்வோராகிய நாம் உற்று நோக்க வேண்டியது இனி வருவது. மேற்கூறிய கருவி பெயரைக் கொண்டே உரியவரை அறிகின்றது. ஃபைடோநெட்டின் பழைய விதிப்படி, பெறுவோர் பெயருக்கு ஒதுக்கிய இடம் 36 பைட்டு. அதில் இறுதி ஒன்று முடிவுக்குறி. எனவே 35 எஞ்சும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதுமாகலின் அந்நாட்டார் பெயர்கட்கு இது தாராளமான இடம். இன்று வழங்கும் யூனிகோடு முறையில், யு.டி.எஃப்.-8 வடிவில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும்.

'பிள்ளையார்பட்டி' என்னும் பெயரை எண்ணிப் பார்ப்பாம். நம் இலக்கணப்படி அஃது எட்டு எழுத்து. யூனிகோடோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியே எண்ணுவதால் பதினைந்து குறி என்னும். பதினைந்தை மூன்றாற் பெருக்க நாற்பத்தைந்து பைட்டு. முப்பத்தைந்தே உள்ள இடத்தில் இஃது அடங்காது. 'பிள்ளையார்ப' என்ற அளவில் அறுபட்டு, அடுத்த டகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் எஞ்சிச் சிதைந்த குறியாகத் தோன்றும். 'காரைக்குடி' பத்துக் குறி, முப்பது பைட்டு ஆகலின் அது பிழைத்துக்கொள்ளும். கருவியில் முழுப்பெயரை எழுதிவைத்து ஒப்பிடுவோமாயின், காரைக்குடியார்க்கு மடல் வந்தது தெரியும், பிள்ளையார்பட்டியார்க்குத் தெரியாது. பொறி பழுதுபடவில்லை, மடலும் வந்து சேர்ந்தது, பெயரின் நீளத்தால் ஓர் ஊரார்க்கு மட்டும் செய்தி இல்லை!

இவ்விடர்க்கு அஞ்சி ஆங்கில எழுத்தால் எழுதுவாமெனின், வேறோர் இடர் எதிர்ப்படும். ளகர இரட்டிப்பை ஒருவர் இரண்டெழுத்தாலும் ஒருவர் ஓரெழுத்தாலும் எழுதுவர். ஐகாரத்தை எழுதுவதும் இருவகை. ஈற்று இகரத்தை முடிப்பதும் இருவகை. மூன்றிடத்தில் இவ்விருவகை என்றாலே ஒரே ஊருக்கு எட்டு வடிவம் ஆயிற்று. எட்டையும் கருவிக்குச் சொல்லிவைத்தல் வேண்டும்.

தமிழிலேயே எழுதினும் மற்றொரு நுட்பம் உண்டு. 'கோவிலூர்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலும் ஆகிய இரு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ இரண்டும் வேறு. ஆதலின் ஒப்பிடுமுன் இரண்டையும் ஒருவடிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். யூனிகோடு விதிகளே இதற்கு வழி கூறியுள்ளன. அதனைப் பின்பற்றாமல் விடுவது நிரல் எழுதுவோர் சோம்பலே.

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் ஒரு பழங் கல்வெட்டு உளது. பழைய தமிழெழுத்தினின்று வட்டெழுத்து உருப்பெற்றுவரும் நிலையை அது காட்டுமென அறிஞர் கொள்வர். மொழி நம் மொழியே. எழுத்தறியாதார்க்கு அது கீறலாகவே தோன்றும். வந்த மடலைக் கீறலாகக் கண்டு தள்ளிவிடும் பொறியும் அவர் போன்றதே. கல்வெட்டைப் படிக்க அறிஞர் வேண்டியிருப்பது போல, பொறிக்குத் தமிழைப் படிக்கக் கற்பிக்கவும் தமிழறிந்தோர் வேண்டும். இப்பணியைப் பொறியியல் பயில்வோரிடமே விட்டுவிடுதல் தகாது. எழுத்து யாது, குறி யாது, புணர்ச்சி யாது என்று நாம் இலக்கண வகுப்பிற் கற்பவை இங்கு நேரே பயன்படுகின்றன.

இன்றைய நிலை

இந்நாளில் நம் கைப்பேசிகள் இடையறாது ஒலிக்கின்றன. பழைய பிஃப் கருவியில் வேண்டும், வேண்டா என்னும் இருசொல் உரியவரிடமே இருந்தன. பலகைக் கருவியிலும் எதனை அறிவிப்பது என்ற விதியை நிறுவியவரே எழுதினார். இன்றைய அறிவிப்புகளிற் பல, தொலைவிலுள்ள நிறுவனங்கள் தாம் வகுத்த விதிப்படி விடுப்பன. அமைப்பினுட் சென்று அவற்றை நிறுத்த இயலுமாயினும் நம்மிற் பலர் அங்ஙனம் செய்வதில்லை. விளைவு யாதெனின், உதவித்தொகைக்குக் கடைசி நாள் பற்றிய அறிவிப்பு, விற்பனை விளம்பரங்கள் ஐம்பதன் அடியிற் புதைந்து கிடக்கின்றது. நாள் கடந்தபின் அதனைக் காணும் மாணவர்க்கு ஓராண்டுப் படிப்பே தடைப்படலாம். அறிவிப்பின்மையால் வந்த கேடு அந்நாளையது. அறிவிப்பு மிகுதியால் வரும் கேடு இந்நாளையது. இரண்டின் முடிவும் ஒன்றே.

ஆகவே மாணவ அன்பர்க்கு நாம் கூறுவது இது. பழைய கணிப்பொறி ஒன்று கிடைப்பின், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அமைப்பையும் பலகை நிரல் ஒன்றையும் அதில் நிறுவி, விடுதிக்கோ துறைக்கோ ஒரு சிறு பலகை அமைத்துப் பாருங்கள். மேற்கூறிய ஆறு விதிகளின்படி ஓர் அறிவிப்புக் கருவியை நீங்களே எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி, அது முழுமையாக வந்து சேர்கின்றதா என்று முதலில் ஆய்ந்து பாருங்கள். பழைய மாணவருள் இத்தொழிலில் உள்ளோர் இதற்குத் துணை நிற்பாராயின், தமிழ்ப் பெயர்களைப் பிழையின்றி ஒப்பிடும் நிரற்பகுதி ஒன்று நம் கல்லூரியிலிருந்தே வெளிவருதல் கூடும். பிள்ளையார்பட்டியார்க்கு வந்த மடல் பிள்ளையார்பட்டியார்க்குத் தெரியவேண்டும் என்னும் இச்சிறு விருப்பத்தோடு இக்கட்டுரையை முடிக்கின்றோம்.